போகலாமா, வேண்டாமா? வெள்ளரிக்காய் கற்றுத் தந்த பாடம்

கடந்த வாரம் வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவி ஒருத்தி என் மேசை அருகே வந்து நின்றாள்.

“சார், லீவுக்கு நாங்க குடும்பத்தோட வெளிநாடு போறோம். அங்க சாப்பாட்டுல ஏதோ கிருமி பரவுதுன்னு செய்தி வந்திருக்கு. போகலாமா, வேண்டாமா?”

நான் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர். கிருமியைப் பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்.

“வீட்டிலிருந்து யார் யார் போறீங்க?”

“அப்பா, அம்மா, அண்ணன், நான். அண்ணியும் வர்றாங்க. அவங்களுக்கு இப்ப அஞ்சு மாசம்.”

“சரி, நாளைக்கு வா. அதுக்கு முன்னாடி உனக்கு ஒரு கதை சொல்லணும்” என்றேன். மறுநாள் அவளுக்குச் சொன்ன கதையை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். அதில் நான் செய்த முட்டாள்தனமும் உண்டு.

அந்த ஜூன் விடுமுறை

2011ஆம் ஆண்டு. நான் உயர்நிலை மூன்றில் இருந்தேன். அக்கா ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டைவிட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜூன் விடுமுறையில் அப்பா, அம்மா, பாட்டி, நான் என நால்வரும் போய் அவளைப் பார்ப்பதாகத் திட்டம். அப்பா ஜனவரியிலேயே விமானச் சீட்டு எடுத்துவிட்டார். பாட்டி மார்ச்சிலேயே தேக்காவுக்குப் போய்க் கம்பளிச் சட்டை வாங்கிவிட்டார்.

பாட்டிக்கு அப்போது 71 வயது. இருபது ஆண்டுகளாக நீரிழிவு. சிறுநீரகமும் சற்றுப் பலவீனமாகியிருந்தது. இரவில் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் மென்று விழுங்குவார். அந்த வெந்தய டப்பா எங்கள் சமையலறை மேடையில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் மூன்றாம் வாரத்தில் வட ஜெர்மனியிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் மக்கள் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது. பொதுவாக இந்தச் சிறுநீரகக் கோளாறு சின்னப் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கும். இம்முறை நல்ல உடல்நலத்துடன் இருந்த பெரியவர்கள், அதிலும் பெண்கள், அதிகமாக விழுந்தார்கள். காரணம் ‘ஓ104:எச்4’ என்ற அரிய வகை இ-கோலி கிருமி. நோயின் மையமே ஹம்பர்க் வட்டாரம்தான்.

எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது.

“டிக்கெட் காசு திரும்ப வராது. அங்க கோடிக்கணக்குல ஜனங்க இருக்காங்க, எல்லாரும் சாப்பிடாமலா இருக்காங்க?” என்றார் அப்பா. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கேலாங் சிராய்ல என்ன நடந்துச்சு? அதுக்காக நாம சிங்கப்பூரை விட்டு ஓடிட்டோமா?”

அவர் சொன்னது 2009 ஏப்ரலில் நடந்த சம்பவம். கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், இருவர் உயிரிழந்தனர். உணவால் வரும் நோய் வெளிநாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது உண்மைதான்.

“இங்கன்னா நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க, தெரிஞ்ச பாஷை இருக்கு. அங்க அத்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?” என்றார் அம்மா. அதுவும் உண்மைதான்.

நானோ இருவருக்கும் நடுவே நீதிபதியாக உட்கார்ந்துகொண்டேன். அன்றாடம் இணையத்தில் செய்தி படிப்பவன் நான் ஒருவன்தானே!

குற்றவாளி என்று கூண்டில் ஏற்றப்பட்ட காய்

மே 25ஆம் தேதி, தேசிய நோய்க் கண்காணிப்பு அமைப்பான ராபர்ட் கோக் கழகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. குறிப்பாக வட ஜெர்மனியில், தக்காளி, வெள்ளரிக்காய், சாலட் கீரை மூன்றையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்றது. மறுநாள் ஹம்பர்க் சுகாதார அதிகாரிகள், ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் இ-கோலி இருந்ததாக அறிவித்தார்கள்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். “அம்மா, இந்த மூணையும் தொடாம இருந்தா போதும். பாட்டி தாராளமா வரலாம்” என்று தீர்ப்பும் சொன்னேன்.

மே 31ஆம் தேதி அந்த வெள்ளரிக்காய் விடுதலையானது. அதில் இருந்த கிருமி வகை வேறு, நோயாளிகளின் உடலில் இருந்த வகை வேறு என்று மறுசோதனையில் தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறிகள் வாங்க ஆளின்றிக் குப்பைக்குப் போயிருந்தன. பல நாடுகள் எல்லையை மூடின. ஜூன் தொடக்கத்தில் ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தின் காய்கறிகள் அனைத்துக்கும் தடை போட்டது. பின்னர் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 210 மில்லியன் யூரோ ஒதுக்க வேண்டியிருந்தது.

வெள்ளரிக்காய் இல்லையென்றால் வேறு எது? அப்போது யாருக்கும் தெரியவில்லை. பயணத்துக்கு இரண்டே நாள்கள் இருந்தன. உலகச் சுகாதார நிறுவனம் பயணக் கட்டுப்பாடு எதையும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அந்த அறிவுரை உலகத்துக்குப் பொதுவானது. எங்கள் பாட்டியின் சிறுநீரகத்தைப் பார்த்துச் சொன்னதன்று.

அம்மா பாட்டியை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் நேரடியாகச் சொன்னார்: இளையவர் ஒருவருக்கு இந்தக் கிருமி வந்தால் பெரும்பாலும் மீண்டுவிடுவார், ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு வந்தால் மீள்வது கடினம்.

பாட்டி சித்தப்பா வீட்டில் தங்குவது என்று முடிவானது. பாட்டி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. புறப்படும் இரவில், அக்காவுக்காக இடித்து வைத்திருந்த பருப்புப்பொடியை என் கையில் திணித்து, “எனக்கும் சேர்த்து அவளைப் பார்த்துட்டு வா” என்றார். அந்தக் கம்பளிச் சட்டை அலமாரியிலேயே இருந்தது.

பட்டியலில் இல்லாத உணவு

ஜூன் 3ஆம் தேதி ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, ரயிலேறி ஹம்பர்க் போய்ச் சேர்ந்தோம். அக்காவின் தங்கும் விடுதியில் பொதுச் சமையலறை இருந்தது. அதில் நுழைந்ததும் அம்மா ஒரு சட்டம் போட்டார்:

“எதுவா இருந்தாலும் ஆவி பறக்கணும். இல்லன்னா தோலை நம்ம கையால உரிக்கணும். வேற எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அறிவியல் அமைப்பு ஒன்று மூன்று காய்களின் பெயரைச் சொல்லியிருக்கிறது. அம்மா உலகத்தையே வேகவைக்கச் சொல்கிறார்!

மறுநாள் சனிக்கிழமை. ஊர் சுற்றப் போனோம். ஒரு சிற்றுண்டிக் கடையில் அம்மாவும் அப்பாவும் சூடான சூப் வாங்கிக்கொண்டார்கள். நான் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி ஒன்றைக் காட்டினேன். அதன் மேல் மெல்லிய முளைகள் ஒரு பிடி தூவியிருந்தன. நம்மூர் மீ கோரேங்கில் போடும் தவுகேயைவிடச் சன்னமானவை.

“அது பச்சையா இருக்கே” என்றார் அம்மா.

“தக்காளி இல்ல, வெள்ளரிக்காய் இல்ல, சாலட் கீரையும் இல்ல. பட்டியல்ல இல்லம்மா” என்று சொல்லிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு மாலை, அக்கா தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து அப்படியே நின்றாள். ஹம்பர்க்கிற்குத் தெற்கே, லோயர் சாக்சனி மாநிலத்தில் பீனன்பியூட்டல் என்ற ஊரில் உள்ள ஒரு முளைப்பயிர்ப் பண்ணைமீது சந்தேகம் திரும்பியிருக்கிறது. முளைவிட்ட விதைகளைச் சாப்பிட வேண்டாம் என்று மாநில வேளாண் அமைச்சர் கேட்டுக்கொள்கிறார்.

என் வயிற்றில் அப்போது எந்த வலியும் இல்லை. ஆனாலும் முழுப் பாரமும் அங்கேதான் இறங்கியது.

திங்கள்கிழமை வந்த முதல் ஆய்வுக்கூட முடிவுகளில் அந்தப் பண்ணையின் மாதிரிகள் பலவற்றில் கிருமி இல்லை. “அப்பாடா!” என்று துள்ளினேன். அக்கா என்னை உட்காரவைத்தாள்.

“நோயாளிங்க சாப்பிட்ட முளை எல்லாம் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வித்துத் தீர்ந்துடுச்சு. இப்ப இருக்கிறதைச் சோதிக்கிறாங்க. கிருமி கிடைக்கலைங்கிறது வேற, கிருமி இல்லைங்கிறது வேற.”

இன்றுவரை என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில் அக்காவிடம் கடன் வாங்கிய வரி இதுதான்.

சமையல்காரரிடம் கேட்ட கேள்வி

முளைதான் காரணம் என்பதைத் துப்பறிந்த விதம், அறிவியல் படிக்கும் இளையர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

நோயாளிகளிடம் “என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டால் தக்காளி, வெள்ளரிக்காய், சாலட் என்றார்கள். பொய்யில்லை. ஆனால் ரொட்டிக்குள் அலங்காரத்துக்குத் தூவியிருந்த முளைகள் பலருக்கு நினைவில் இல்லை. முளை சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் சுமார் நால்வரில் ஒருவர்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த காய் மாட்டிக்கொண்டது; சிறிய முளை தப்பித்தது.

ஆகவே ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். உணவகத்தில் கூட்டாகச் சாப்பிட்ட குழுக்களைத் தேடிப் பிடித்தார்கள். யார் எந்த உணவைக் கேட்டு வாங்கினார் என்பதைப் பற்றுச்சீட்டுகளையும் அன்று எடுத்த நிழற்படங்களையும் வைத்து உறுதிசெய்தார்கள். பிறகு அந்த உணவில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். முளை பரிமாறப்பட்டவர்களிடையே நோய் பல மடங்கு அதிகமாக இருந்தது. இன்னொரு பக்கம், நோய் திரண்டு வந்த 41 இடங்களிலிருந்து உணவு வந்த வழியைப் பின்னோக்கித் தேடினார்கள். எல்லா வழிகளும் அதே பண்ணையில் போய் முடிந்தன. ஜூன் 10ஆம் தேதி அதிகாரிகள் அதை அறிவித்தார்கள். தக்காளி, வெள்ளரிக்காய், சாலட் கீரை மீதான எச்சரிக்கை அன்றே விலக்கப்பட்டது.

முளைப்பயிரில் ஆபத்து ஏன் கூடுதல்? விதை முளைக்க வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். கிருமி பெருகுவதற்கும் அதே இரண்டும்தான் வேண்டும். விதையின் தோலில் ஒட்டியிருக்கும் ஒருசில கிருமிகள், முளைக்கும் இரண்டு மூன்று நாளில் பன்மடங்காகிவிடும். கழுவினாலும் முழுமையாகப் போகாது. அதைப் பச்சையாகச் சாப்பிடும்போது இடையில் தடுக்க நெருப்பு என்ற காவலாளியும் இல்லை.

பாட்டியைக் காப்பாற்றப் போய்

மற்றவர்கள் ஊர் பார்த்தார்கள். நான் நாள் எண்ணினேன். பல உணவு நோய்கள் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். இந்தக் கிருமி நிதானமாக வேலை செய்யும். உடலில் நுழைந்து அறிகுறி தெரிய ஏறக்குறைய எட்டு நாள் ஆகலாம் என்று அக்கா படித்துச் சொன்னாள். ஜூன் 4உடன் எட்டைக் கூட்டினால் ஜூன் 12. நாங்கள் விமானம் ஏறும் நாள்.

12ஆம் தேதி ஒன்றும் இல்லை. 13ஆம் தேதி வீடு வந்து சேர்ந்தோம். சித்தப்பா வீட்டிலிருந்து பாட்டி முன்னதாகவே வந்து, எங்களுக்காக ரசம் வைத்துக் காத்திருந்தார். 14ஆம் தேதி இரவு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விடிவதற்குள் நான்கு முறை கழிவறைக்குப் போய்விட்டேன்.

கழிவறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கிருமி உணவால் மட்டுமன்றி, நோயுற்றவரின் கை வழியாக வீட்டிலுள்ள மற்றவருக்கும் தொற்றும். ஜெர்மனியிலேயே அப்படி நடந்திருந்தது. பாட்டிக்கு ஆகக்கூடாது என்று அவரை இங்கே விட்டுப் போனோம். அந்தக் கிருமியை நானே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேனா? காலையில் பாட்டி குடித்த காப்பிக் குவளையைக் கழுவி வைத்ததும் நான்தானே?

காலையில் மருந்தகத்தில், “நேற்று என்ன சாப்பிட்டாய்?” என்று மருத்துவர் கேட்டார். “ரசம் சாதம்” என்றேன். வழக்கமான மருந்து எழுதப் போனார். அம்மா குறுக்கிட்டார்: “டாக்டர், நாங்க முந்தாநேத்துதான் ஹம்பர்க்கிலேருந்து வந்தோம். இவன் அங்க முளை போட்ட ரொட்டி சாப்பிட்டான்.”

மருத்துவரின் பேனா நின்றது. இரத்தமும் மலமும் சோதனைக்குப் போயின. முடிவு வரும்வரை எனக்குத் தனி அறை, தனித் துண்டு, தனித் தட்டு. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆன்டிபயாட்டிக்கோ, வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரையோ சொந்தமாகச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். இவ்வகை இ-கோலி தொற்றில் அவை நிலைமையை மோசமாக்கலாம்.

பாட்டி என் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். “என்னை வரக்கூடாதுன்னு சட்டம் பேசினவங்க, திரும்பி வந்து எப்படிப் படுத்திருக்கீங்க பாரு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பாட்டி, தள்ளிப் போங்க” என்று உள்ளேயிருந்து கெஞ்சினேன்.

முடிவு வந்தது. இ-கோலி இல்லை. சாதாரண வயிற்றுக் கோளாறுதான். வீட்டில் வேறு யாருக்கும் எதுவும் வரவில்லை.

வெந்தயத்தின் முறை

கதை அதோடு முடியவில்லை. பிரான்ஸின் போர்டோ நகருக்கு அருகிலும் ஜூன் மாதத்தில் சிலருக்கு இதே கிருமி தொற்றியது. அவர்களும் முளை சாப்பிட்டிருந்தார்கள். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் பொதுவான விதை எது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேடியது. ஜூலை 5ஆம் தேதி விடை சொன்னது: எகிப்திலிருந்து 2009ல் வந்த ஒரு தொகுதி வெந்தயம்.

அந்தத் தொகுதி சுமார் 15,000 கிலோ. அதில் ஜெர்மன் பண்ணைக்குப் போனது வெறும் 75 கிலோ. ஜூலை 26ஆம் தேதி நோய்ப்பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது ஜெர்மனியில் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தார்கள். அவர்களில் 800க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகக் கோளாறு ஏற்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவீடன், டென்மார்க், அமெரிக்கா போன்ற நாடுகளில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வட ஜெர்மனிக்குப் போய்வந்தவர்கள். எங்களைப் போன்ற பயணிகள்.

வெந்தயம் என்ற சொல்லைப் படித்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாட்டியின் டப்பாவைக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன மாசம் வெள்ளரிக்காய்ன்னே. இப்ப வெந்தயமா? அடுத்த மாசம் அரிசியா?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளரிக்காய்க்கு நடந்த அநியாயத்தை நான் வெந்தயத்துக்குச் செய்யப் பார்த்தேன். சந்தேகம் ஒரு குறிப்பிட்ட தொகுதியின்மீது. அதுவும் முளைக்கவைத்துப் பச்சையாகச் சாப்பிட்டதால் வந்தது. அந்த விதைகளிலும்கூடச் சோதனையில் கிருமி சிக்கவில்லை. வந்த வழியை வைத்துத்தான் ஆணையம் அந்த முடிவுக்கு வந்தது. சாம்பாரில் தாளித்துக் கொதிக்கும் வெந்தயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் ஈரத்தில் ஓர் இரவு ஊறிய விதையைப் பச்சையாகச் சாப்பிடும் நீரிழிவு நோயாளி? அதை மட்டும் பாட்டியிடம் பொறுமையாக விளக்கினேன். யோசித்தார். அன்றிலிருந்து ஊறிய வெந்தயத்தை அதே தண்ணீரோடு நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்துச் சாப்பிடத் தொடங்கினார். டப்பா மேடையிலேயே இருந்தது.

உங்கள் வீட்டில் கேட்க வேண்டியவை

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு யோசிக்கும்போது, எங்கள் வீட்டில் அன்று சரியான கேள்வியைக் கேட்டவர் அம்மாதான். நானும் அப்பாவும் “அந்த நாடு பாதுகாப்பானதா?” என்று விவாதித்தோம். அம்மா, “அத்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?” என்று கேட்டார். பயண முடிவைக் குடும்பத்தில் ஆக பலவீனமானவரை வைத்து எடுக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் பரவிய லிஸ்டீரியா கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,060 பேருக்குத் தொற்று உறுதியானது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியே சாப்பிடக்கூடிய ‘பொலோனி’ என்ற பதப்படுத்திய இறைச்சிதான் காரணம் என்று 2018 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஆரோக்கியமான பதினேழு வயதுப் பையனுக்கு இந்தக் கிருமி பெரிய ஆபத்தன்று. கருவுற்ற பெண்ணுக்கு அது லேசான காய்ச்சலாக வந்து போகலாம்; ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் உயிரைப் பறிக்கலாம். அந்த நோயாளிகளில் பெரும் பகுதியினர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். ஒரே நாடு, ஒரே உணவு; ஆனால் இரு பயணிகளுக்கு இரு வேறு ஆபத்து.

ஆகவே பயணப் பையைக் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்.

முதலில், யார் போகிறார்கள்? கருவுற்றவர், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, முதியவர், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோர் இருந்தால் அவர்களின் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

இரண்டாவது, எது தெரிந்துவிட்டது, எது இன்னும் தெரியவில்லை? உணவு எது என்று உறுதியாகி, அது கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டிருந்தால் ஆபத்து குறைகிறது. எது என்றே தெரியாமல் எண்ணிக்கை மட்டும் ஏறினால், பயணத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கமில்லை. ஒரு பெயரை நம்பி மற்றவற்றைத் தாராளமாகச் சாப்பிட்டால் என் கதை ஆகும்.

மூன்றாவது, எந்த வட்டாரம்? அன்று ஜெர்மனியில் தொற்று வடக்கே குவிந்திருந்தது. அக்காவைத் தெற்கே வரச்சொல்லி அங்கே சந்தித்திருக்கலாம். எங்கள் யாருக்கும் அந்த யோசனை தோன்றவே இல்லை.

நான்காவது, உணவா, தண்ணீரா? குறிப்பிட்ட உணவு என்றால் தவிர்க்கலாம். காலரா போல ஊர்த் தண்ணீரே கெட்டு, மருத்துவமனைகளும் நிரம்பி வழியும் இடத்துக்கு விடுமுறைக்குப் போவது வேறு விஷயம்.

ஐந்தாவது, காப்புறுதியும் விமானச் சீட்டும் என்ன சொல்கின்றன? நோய்ப்பரவல் செய்தி வெளியான பிறகு வாங்கும் காப்புறுதி அதனால் வரும் இழப்பை ஈடுசெய்யாமல் போகலாம். வாங்கும் முன்பே விதிகளைப் படியுங்கள். பாட்டியின் சீட்டுக் காசு எங்களுக்குத் திரும்பவில்லை.

போவதென்று முடிவெடுத்தால் என் அம்மாவின் சட்டத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஆவி பறக்கச் சமைத்த உணவு, நீங்களே தோலுரித்த பழம், மூடி திறக்காத புட்டித் தண்ணீர். ஒரே ஒரு திருத்தம்: சூடாக இருப்பதெல்லாம் புதிதாகச் சமைத்தது ஆகாது. வெளியில் நெடுநேரம் கிடந்த சோற்றில் உண்டாகும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிடும் முன்பும் கழிவறை போன பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று சொல்லுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

பாட்டியை விட்டுப்போனது சரியா என்று எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு வரும். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, கூட்டிட்டே போயிருக்கலாம்” என்பார் அப்பா. ஒன்றும் ஆகவில்லை என்பதால் முடிவு தவறாகிவிடாது. அன்று கையில் இருந்த தகவலை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். அதேபோல், நான் நோயின்றித் தப்பித்ததால் அந்த ரொட்டியைச் சாப்பிட்டது புத்திசாலித்தனமும் ஆகிவிடாது. அந்த டிசம்பரில் அக்கா வீட்டுக்கு வந்தாள். விமான நிலையத்தில் பாட்டி அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். வெளியே முப்பது பாகை வெயில்.

கதையைக் கேட்டு முடித்த என் மாணவி சற்று நேரம் பேசவில்லை.

“அப்ப போகலாமா வேண்டாமான்னு நீங்க சொல்ல மாட்டீங்களா, சார்?”

“யார்கிட்ட முதல்ல கேட்கணும்னு இப்ப உனக்குத் தெரியும்தானே?”

“அண்ணியோட டாக்டர்கிட்ட” என்றாள். அன்று மாலையே அண்ணன் அழைத்து முன்பதிவு வாங்கிவிட்டாராம். வியாழக்கிழமை போகிறார்கள்.